வாடாமல்லிக்கு யூரியா போட்டவள்

ஆடி பிறந்ததும் வாடாமல்லி விதையை மண்ணில் போட்டுவிட வேண்டும். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதா, நாற்று எப்போது விடுவது என்று ஊரே பேசிக்கொண்டிருக்கும் நாட்களில் நான் கொல்லையில் உட்கார்ந்து போன வருடத்துக் காய்ந்த பூவை உள்ளங்கையில் கசக்கிக்கொண்டிருப்பேன். பஞ்சும் விதையும் கலந்து வரும். பிரித்தெடுக்கப் பொறுமை வேண்டும். எனக்கு அது கிடையாது. அப்படியே தூவி, மேலே சலித்த மண்ணை லேசாகப் போர்த்திவிடுவேன். முளைத்துவிடும்.

ஆடியில் ஏன் என்றால், எனக்குப் பூ நவம்பர் இரண்டாம் தேதி வேண்டும். அன்றுதான் கல்லறைத் திருநாள். எங்கள் மாதா கோயில் கல்லறைத் தோட்டத்தில் என் மகன் இருக்கிறான். பிறந்து ஐம்பத்திரண்டு நாள் எங்களோடு இருந்தவன்.

வயலை நம்பியிருந்த எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. என் வீட்டுக்காரர் ஏசி மெக்கானிக்காக மஸ்கட் போனபோது நான் மூன்று மாதம். பிள்ளை பிறந்ததை எஸ்டிடி பூத்திலிருந்து சொன்னேன். அவன் காய்ச்சலில் போனதையும் அதே பூத்திலிருந்துதான் சொன்னேன். கம்பெனியில் லீவு தரவில்லை. "முன்னாடியே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்கக் கூடாதா?" என்று அவர் கேட்டார். அழுதுகொண்டே கேட்டதுதான். கேட்டது அவருக்கே நினைவில்லாமல் இருக்கலாம். எனக்கு அது முள்ளாக உள்ளேயே நின்றுவிட்டது.

இரண்டு வருடம் கழித்து முதல் லீவில் வந்தார். ஒரு மாதம் இருந்தார். கல்லறைப் பக்கம் வரவில்லை. ஒருநாள் தலைவலி, ஒருநாள் யாரோ பார்க்க வருகிறார்கள், கடைசியில், "அடுத்த வாட்டி பாத்துக்கலாம்மா." ஒன்று சொன்னால் ஒன்பது பேசுகிறவள் நான். அதற்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் பழைய கேள்விதான் வெளியே வரும் என்று பயம்.

பிள்ளை போன வருடத்திலிருந்தே நான் செய்ததெல்லாம் செடி வளர்த்ததுதான். வாடாமல்லியும் கோழிக்கொண்டையும். ஐப்பசி மழையில் சாமந்தி அழுகிவிடும். இவை இரண்டும் நிற்கும். ஆவணியில் நாற்று ஒரு சாண் வந்ததும் பிடுங்கி, பாத்தியை மேடாகக் கட்டி நட வேண்டும். எங்கள் மண் களிமண், தண்ணீரை விடாது. பள்ளத்தில் நட்டால் வேர் மூச்சுத் திணறிச் சாகும். புரட்டாசி முதல் வாரத்தில் நுனியைக் கிள்ளிவிடுங்கள், பக்கக் கிளை வெடிக்கும். அதற்குப் பிறகு கிள்ளாதீர்கள், பூ தள்ளிப்போகும். மூங்கில் சிம்பு ஒன்றை ஊன்றிக் கட்டிவிட்டால் காற்றுக்குச் சாயாது. மார்கழியில் டிசம்பர் பூ தானாகவே பூக்கும், அதற்கு யாருடைய தயவும் வேண்டாம். தையில் மல்லிகையை இரக்கம் பார்க்காமல் வெட்டுங்கள். இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. செத்த செடிகளிடமிருந்து தெரிந்துகொண்டேன்.

கடையில் வாங்கிய பூவை அவன்மேல் ஒருநாளும் வைத்ததில்லை. அம்மாவாக அவனுக்குச் செய்ய எனக்கு மிஞ்சியது அது ஒன்றுதான்.

நான்காம் வருடம் ஆவணியில் கடிதம் வந்தது. இந்த முறை அவரே கேட்டு நவம்பரில் லீவு வாங்கியிருக்கிறார். 'கல்லறைத் திருநாளுக்கு நானும் வர்றேன்' என்று எழுதியிருந்தார். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை எனக்கு. அவர் வந்து பார்க்கும்போது பிள்ளையின் கல்லறை மேடு முழுக்கப் பூவாக இருக்க வேண்டும். பிள்ளையை நான் பார்த்துக்கொண்ட லட்சணம் அதிலாவது தெரியட்டும் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், மறைப்பானேன்.

அந்த அவசரத்தில்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன். நாங்கள் நெல்லோடு பிறந்து வளர்ந்தவர்கள். பயிர் வெளுத்தால் யூரியா, சோர்ந்தால் யூரியா. மூன்றே நாளில் வயல் கரும்பச்சையாக மாறுவதைப் பார்த்துப் பார்த்து, செடி என்றாலே கை அந்த மூட்டைக்குத்தான் போகும். அண்ணன் வீட்டில் சம்பாவுக்கு வாங்கியதில் ஒரு பை கேட்டு வாங்கிவந்து வாரத்துக்கு ஒருமுறை இரண்டு பாத்தியிலும் தூவினேன். அடேயப்பா, என்ன வளர்த்தி! இடுப்பு உயரம், இலை ஒவ்வொன்றும் என் கை அகலம். கண் பட்டுவிடும் என்று வேலியோரம் பழைய சேலையைக் கட்டி மறைத்துவேறு வைத்தேன்.

ஐப்பசி பிறந்தது. ஒரு மொட்டு இல்லை. பக்கத்து வீட்டுப் பெண் கீற்று வாங்க வந்தவள், சேலையை விலக்கிப் பார்த்துவிட்டு, "என்னக்கா, இந்த வருசம் கீரை போட்டுட்டீங்களா?" என்றாள்.

"வாடாமல்லிடி."

"உரம் எதும் வச்சீங்களா?"

சொன்னேன். அவள் சிரிக்கத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "யூரியா போட்டா தழைக்குந்தான், பூக்குமாக்கா? நெல்லுலயே ஓவரா போட்டா பதருதான வரும்?"

எனக்குத் தெரியாததா அது? தெரிந்துதான் இருந்தது. வயலில் தெரிந்தது கொல்லையில் தெரியாமல் போயிற்று. தண்ணீரை நிறுத்திப் பார்க்கலாம் என்றால் வானம் என் பேச்சைக் கேட்குமா? விடாமல் கொட்டியது. செடிகள் இன்னும் பச்சையாயின.

அவர் வந்து சேர்ந்த மூன்றாம் நாள் கல்லறைத் திருநாள். விடிந்ததும் கொல்லைக்குப் போய் ஒவ்வொரு கிளையாக விலக்கித் தேடினேன். ஒன்றுமில்லை. என்மேலேயே வந்த கோபத்தில் ஒரு செடியை வேரோடு பிடுங்கி எறிந்தேன். திரும்பிப் பார்த்தால் அவர் நிற்கிறார்.

"பூ இல்லங்க. நான்தான் கெடுத்தேன். இத்தனை வருசம் ஒழுங்கா பூத்துச்சு. நீங்க வர்ற வருசம் பாத்து..."

அவர் கீழே கிடந்த செடியை எடுத்து மண்ணை உதறினார். "இருக்கறத எடுத்துக்க. போவோம்," என்றார்.

கல்லறைத் தோட்டத்தில் கால் வைக்க இடமில்லை. எங்கு பார்த்தாலும் மாலையும் மெழுகுவர்த்தியும் ஊதுவத்திப் புகையும். கையில் வெறும் தழையோடு போனவள் நான் ஒருத்திதான். யார் முகத்தையும் பார்க்காமல் நடந்தேன். அவர் எனக்கு முன்னால் ஒவ்வொரு சிலுவையாகப் படித்துக்கொண்டே போனார். பெரிய பெரிய கல்லறைகளின் பக்கம் நின்று நின்று பார்த்தார். கிணற்றோரம் எங்கள் மேட்டையும் தாண்டிப் போய்விட்டார்.

"ஏங்க. இங்க."

திரும்பி வந்தார். நாலு பக்கமும் செங்கல் பதித்து, நான் முந்தின நாள் மண் அணைத்து மெழுகி வைத்திருந்த மேட்டைக் குனிந்து பார்த்தார்.

"இதுவா? இவ்ளோ சின்னதா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மஸ்கட்டில் அவர் மனசுக்குள் அந்தப் பிள்ளை வருடா வருடம் வளர்ந்திருக்கிறான். நடந்திருக்கிறான், பள்ளிக்கூடம் போகும் வயசுக்கு வந்திருக்கிறான். போட்டோகூட எடுக்காத பிள்ளை. அவன் எவ்வளவு இருந்தான் என்று அவருக்கு யார் காட்டினார்கள்?

தழையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன். "இவ்ளோதாங்க இருந்தான்."

அவர் என் கைகளுக்கு நடுவில் இருந்த இடத்தையே பார்த்தார். பிறகு, வெளிநாட்டு பேண்ட்டோடு அந்தச் சேற்றில் அப்படியே உட்கார்ந்து, என்னையும் பிடித்து உட்கார வைத்தார்.

"தனியா எப்படிம்மா தாங்குன?" என்றார்.

நாலு வருடத்தில் அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அவன் அடக்கத்தன்றுகூட அழாதவள், அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில் அவர் தோளில் முகத்தை வைத்து வாய்விட்டு அழுதேன்.