‘ஓம்’ வராத கேள்வி

“இப்பிடியே போனா அடுத்த கிழமை விரலை எடுக்கவேணும்.”

டொக்டர் இதைச் சொன்னபோதும் சின்னத்தம்பி ஐயா மரியாதையாகத் தலையாட்டி, “ஓம் ஐயா” என்றார்.

சுகர் கிளினிக்கில் நான் தாதியாக இருந்தபோது நடந்தது இது. ஐயா நீர்வேலி வாழைத்தோட்டக்காரர். வலது கால் பெருவிரலில் புண். நாங்கள் மருந்து கட்டி அனுப்புவோம். திரும்பி வரும்போது புண் இன்னும் ஆழமாகியிருக்கும். டொக்டர் தெற்கிலிருந்து வந்த சிங்கள இளைஞர், எங்களிடம் கேட்டுக் கேட்டே தமிழ் பழகியவர்.

“குளிசை போடுறனீங்களோ?”

“ஓம் ஐயா.”

“செருப்புப் போடுறனீங்களோ?”

“ஓம் ஐயா.”

எங்கள் சனம் இப்படித்தான். வீட்டில் எல்லாரையும் எதிர்த்துக் கதைக்கும் மனிசன், டொக்டருக்கு முன்னால் ‘இல்லை’ என்று சொல்லமாட்டார்.

டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். “மிஸ்ஸி, என்ரை தமிழ் பிழையோ?”

“ஒரு பிழையும் இல்லை, டொக்டர்.”

“அப்ப நகத்துக்குள்ளை ஏன் மண்?”

போய்ப் பார்த்தேன். நல்ல செம்மண். மர வாங்கில் ஐயாவுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு வேறு மாதிரிக் கேட்டேன்.

“நேற்று விடிய எழும்பினதிலை இருந்து என்ன செய்தனீங்கள்? ஆறுதலாச் சொல்லுங்கோ.”

“தேத்தண்ணி குடிச்சன். தோட்டத்துக்குப் போனன். மெஷினைப் போட்டு வாழைக்கு இறைச்சன்.”

“செருப்பு?”

“வரம்பிலை கழட்டி வைச்சிடுவன். தோட்டத்துக்கை ஆர் பிள்ளை செருப்போடை இறங்கிறது? சோறு போடுற மண்ணெல்லோ!”

அவர் பொய் சொல்லவில்லை. கடைக்கும் கிளினிக்குக்கும் செருப்போடுதான் போனார். தோட்டத்தில்தான் நாங்கள் கட்டிய கட்டு சேற்றுத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது.

சனநெரிசலால் கூட வருபவர்களை உள்ளே விடுவதில்லை. அன்று வெளியே நின்ற அவருடைய மனைவியையும் உள்ளே கூப்பிட்டேன். புண் ஏன் ஆறவில்லை என்று இருவருக்கும் விளக்கிவிட்டு, “அப்ப நாளைக்கு ஆர் இறைக்கிறது?” என்று கேட்டேன். இதற்கு ‘ஓம்’ என்று பதில் சொல்ல முடியாதே!

“நான் வாய்க்கால் வெட்டித் தண்ணி மாறுறன், மிஸ்ஸி,” என்றார் அம்மா. “எத்தினை தரம் கேட்டனான், மனிசன் மண்வெட்டியைத் தந்தாத்தானே!”

“இல்லை! நான் விடன்!” என்றார் ஐயா.

எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது. அந்த அறையில் அவர் மனம் திறந்து சொன்ன முதல் ‘இல்லை’ அது. டொக்டரும் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். நால்வருமாகப் பேரம் பேசினோம். கடைசியில், புண் ஆறும்வரை ஐயா செருப்போடு வரம்பில் கதிரை போட்டு இருந்து அதிகாரம் பண்ணுவது, அம்மா தண்ணீர் மாறுவது என்று முடிவானது.

அடுத்த கிழமை விரலை எடுக்கவில்லை. அதற்கடுத்த கிழமையும் எடுக்கவில்லை. புண் காய்ந்து தோல் மூடியபோது டொக்டர் அந்த விரலை அமத்திப் பார்த்து, “வெட்டத் தேவையில்லை!” என்று கத்தியதில் வரிசையில் நின்றவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே, “மண்வெட்டியை மட்டும் திருப்பிக் குடுக்கமாட்டன்,” என்றார்.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: எதிரில் இருப்பவர் ‘ஓம்’ என்றதும் எழும்பிவிடாதீர்கள். உங்களிடம் ‘இல்லை’ என்று சொல்ல அவருக்குத் துணிவு வரும்வரை இருந்து கதையுங்கள்.