அதிகாரிக்காகப் பெருக்கிய காற்று

அன்பர்களே, உங்கள் வீட்டுக் குப்பையைப் பார்ப்பதற்கென்றே ஒருவர் வருகிறார் என்றால், அவர் வருமுன் வீட்டைப் பெருக்கிவைப்பீர்களா, மாட்டீர்களா? அரசுப் பணத்தில் காற்றை அளக்கும் தொழிலில் இருக்கும் எனக்கு விடை தெரியவில்லை. அரசு நிதியில் ஏதேனும் ஒரு வேலையைச் செய்துவிட்டு, செய்ததை நிரூபிக்கவும் அல்லல்படும் உங்களுக்காவது தெரிகிறதா?

பெட்டிக்குப் பொட்டு

பழவேற்காடு ஏரியோர மீனவக் குப்பம் ஒன்றில், புயல் பாதுகாப்புக் கட்டடத்தின் மாடியில் எங்கள் கருவி நிற்கிறது. காற்றை உறிஞ்சி, அதிலுள்ள தூசியை வெள்ளைத் தாளில் படியவைக்கும் இரும்புப் பெட்டி அது. தாளை மாற்றுவது என் பணி. கருவி வேண்டும் என்று மனுக் கொடுத்தவர் தேசம்மா அக்கா. அவர் மணலில் காயவைக்கும் கருவாட்டின்மேல் கரிய பொடி படிகிறது. பொன்னேரி வியாபாரி விரலால் தடவிப் பார்த்து, வேண்டாம் என்று விடுகிறார். பொடி வருவது அடுப்பிலிருந்தா, படகு எஞ்சினிலிருந்தா, மூடாத சுமையோடு ஊர் வழியே ஓடும் லாரிகளிலிருந்தா? அதைக் கண்டறிவதே எங்கள் ஆய்வு.

ஆயுத பூசையன்று பெட்டிக்குச் சந்தனமிட்டு, அதன் வாயருகே கற்பூரமும் ஏற்றிவிட்டார்கள். அன்றைய தாள் கரிச்சட்டியாயிற்று. நான் தலையில் கைவைத்ததும் அக்கா கேட்டார்: "போட்டுக்குப் பொட்டு வெச்சோம், வலைக்கு வெச்சோம். இது மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சி தம்பி?"

இரண்டு அலுவலகங்கள்

எங்களுக்குப் பணம் தருவது ஓர் அலுவலகம். மேற்பார்வை மற்றோர் அலுவலகம். மேற்பார்வை அறிக்கை வந்தால்தான் அடுத்த தவணை என்றது முன்னது. கருவியைச் சரிபார்த்த சான்று இருந்தால்தான் பார்வையிட வருவோம் என்றது பின்னது. சரிபார்க்கவோ பணம் வேண்டும். இதை ஊர்த் தலைவர் ஏழுமலையிடம் விளக்கப் புகுந்து நானே குழம்பிப்போனேன். அவர் சொன்னார்: "ஏரி முகத்துவாரம் மண்ணு மூடிக்கினா, மழை பேஞ்சி தொறந்துவுடும். உங்க ஆபீசு இன்னா பேஞ்சா தொறக்கும்?"

மரியாதை

ஒருவழியாக மேற்பார்வை அதிகாரி வந்தார். முதல்நாளே ஊர் கூடி, திருவிழாவுக்கும் சாவுக்கும் மட்டும் விதிக்கும் கட்டுப்பாட்டை விதித்திருந்தது. ஒரு படகு நகரவில்லை. ஓர் அடுப்பு புகையவில்லை. சாலை முழுவதும் நீர் தெளித்திருந்தார்கள். அதிகாரியின் ஜீப்புக்கு இடைஞ்சல் கூடாதென்று லாரிகளை ஊர் எல்லையிலேயே நிறுத்திவிட்டார்கள். எனக்கு இவை எதுவும் தெரியாது.

அதிகாரி தம் கையடக்கக் கருவியைப் பார்த்தார். என் கரிய தாள்களைப் பார்த்தார். "காத்து சுத்தமா இருக்கு, உங்க தாள் மட்டும் கறுப்பா இருக்கு. அப்போ கோளாறு காத்துல இல்ல சார், உங்க பெட்டியிலதான்."

மறுபடியும்

பணம் நிற்கும், பெட்டி இறங்கும் என்றாகிவிட்டது. நடந்ததை விசாரித்து அறிந்து அவரிடம் மன்றாடினேன். நம்புவதா வேண்டாமா என்று தெரியாத முகத்தோடு, நாளைக் காலை மீண்டும் வர இசைந்தார். ஓடிச்சென்று தலைவரிடம், நாளை எந்த மரியாதையும் வேண்டாம் என்றேன். "வர்றவர புழுதியில நிக்கவெச்சா ஊரு மானம் இன்னாவறது?" என்று அவர் சீறினார். கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்த தேசம்மா அக்கா நிமிர்ந்தார்: "மானத்த காயவெச்சி விக்க முடியுமா மாமா?"

தலைவர் இன்னும் இசையவில்லை. நாளையும் தெளிக்க நீர் நிரப்பிய பீப்பாய்கள் சாலையோரம் வரிசையாக நிற்கின்றன. வைத்தியர் வருகிறார் என்று தலையில் குளிர்நீர் ஊற்றிக்கொண்டு, "எனக்கு ஒன்றுமில்லை" எனச் சிரிக்கும் காய்ச்சல் நோயாளிக்கு யார் மருந்து தருவார்? ஊராரே, இன்றே, பொழுது சாய்வதற்குள் அந்தப் பீப்பாய்களைக் கவிழ்த்துவிடுங்கள். படகுகளையும் அடுப்புகளையும் லாரிகளையும் அவற்றின் போக்கில் விட்டுவிடுங்கள். நாளை வருகிறவருக்கு உங்கள் தூசியை ஒரு துளியும் குறைக்காமல் கொடுத்தனுப்புங்கள், ஏனெனில் அரசாங்கத்தின் கண்ணில் பட வேண்டுமானால் அழுக்கும் அன்றைக்கென்று வீட்டில் இருந்தாக வேண்டும்.