முகத்தை மட்டும் மறைத்தோம்

ஆம்பூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு தையல் கடையின் மாடியில் இரண்டு அறைகள். அதுதான் எங்கள் ஆவணப்பட ஸ்டுடியோ. ஆள் மூன்று பேர். யார் தாளத்துக்கும் ஆடாமல் இந்த ஊர் உழைப்பைப் படமெடுப்பது, பேசுகிறவருக்கு எங்களால் ஒரு தீங்கும் வராமல் பார்த்துக்கொள்வது என்று பெரிய வாய்ச்சவடாலோடு ஆரம்பித்தோம். இரண்டாவதைக் காப்பாற்றத் தனியாகத் துப்பு வேண்டும் என்று எனக்கு அப்போது தெரியாது.

ஷூ கம்பெனியில் வேலை செய்யும் ஓர் அக்கா எங்களிடம் பேசினார். பசை நெடியில் வரும் தலைவலி, ஐந்து நிமிடம் வெளியே போகக் கேட்டால் விழும் திட்டு, எல்லாம் சொன்னார். "வேலை போச்சுன்னா என் வீட்டுல அடுப்பு எரியாது மேடம்" என்றும் சொன்னார். அதனால் முகத்தைக் காட்டவில்லை. குரலையும் மாற்றினோம். வீட்டில் உட்கார்ந்து தோல் துண்டுகளை ஒட்டிக் காட்டிய அவர் கைகளை மட்டும் வைத்து, அரை நிமிட முன்னோட்டம் ஒன்றை இணையத்தில் போட்டோம். எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

இரண்டு நாள் கழித்து, தையல் கடைக்கார அம்மாவை மேலே கூப்பிட்டு அதைக் காட்டினேன். அவரும் முன்பு அதே கம்பெனியில் இருந்தவர். பத்து நொடிகூட ஆகவில்லை. "குடியாத்தம் பஸ்ல வர்றவதானே இது?" என்றார்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"இன்னாம்மா நீ, மூஞ்ச மறைச்சுட்டு கைய விட்டுட்ட? லைன்ல நாங்க மூஞ்சியவா பார்த்துட்டு இருப்போம்? ஒட்டின தோல எல்லாரும் கட்டைவிரலால அழுத்துவாங்க. இவ மட்டும் நடுவிரல்."

உடனே முன்னோட்டத்தை நீக்கினேன். அதற்குள் யார் யார் பார்த்தார்களோ. அக்காவைக் கூப்பிடவும் வழியில்லை. கம்பெனி வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள் என்றே மனம் அடித்துச் சொன்னது. சாயங்காலம் வேலை விடும் நேரத்துக்குக் கம்பெனி வாசலில் போய் நின்றேன். தோளில் கேமரா பை தொங்கியதைக்கூட நான் கவனிக்கவில்லை. வாசல் காவலாளி கவனித்தார், அவர் பக்கத்தில் நின்ற சூப்பர்வைசரும் கவனித்தார்.

பெண்கள் கூட்டமாக வந்தார்கள். அக்காவும் வந்தார். அப்பாடா என்று கையைத் தூக்கினேன். என்னைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டார்.

வீடு சேர்ந்ததும் அவரே போன் செய்தார். கிசுகிசுப்பாகப் பேசினார்.

"இன்னிக்கு வரைக்கும் யாரும் என்னை ஒண்ணும் கேட்கல மேடம். நீங்க வந்து கையத் தூக்கினதும் சூப்பர்வைசர் பஸ்ஸாண்ட வந்துட்டாரு. அந்தப் பொண்ண உனக்குத் தெரியுமான்னு கேட்டாரு."

"என்ன சொன்னீங்கக்கா?"

"தெரியாதுன்னேன். நாளைக்கும் கேட்பாரு. இனிமே தெரியாதவங்களாவே இருந்துடுங்க மேடம்."

அந்த வேலை அவருக்கு இன்னும் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. நான் விசாரிப்பதாலேயே போய்விடுமோ என்ற பயத்தில் இன்றுவரை யாரிடமும் கேட்கவில்லை.