ஏலம் மணத்த படகு மோட்டார்

எழுபதுகளில் ஒருநாள், எங்கள் எஸ்டேட் படகின் மோட்டார் அணை நடுவே கொதித்து நின்றுவிட்டது. அக்கரையில் பறித்த பச்சை ஏலக்காய் மறுநாளே வந்தாக வேண்டும், இல்லையேல் அழுகிவிடும். போடியில் கிணற்று மோட்டார் பழுதுபார்க்கும் ஒருவரின் வீட்டுக்குப் படகு மோட்டாரைக் கழற்றிக் கொண்டு சென்றேன். எந்த இயந்திரத்தையும் முகர்ந்த பின்னரே திறப்பது அந்த ஒல்லியான மனிதரின் வழக்கம்.

"ஏலக்கா மணக்குதேண்ணே! காய் ஒணத்துற அறையிலயா வச்சிருந்தீக?"

"மழைக்குப் பத்திரமா இருக்கட்டும்னுதான்."

"நல்லா வச்சீக போங்க! அந்தச் சூட்டுல காயோட சேந்து ரப்பரும் ஒணந்துபோச்சு."

நீரை இழுத்து மோட்டாரைக் குளிர்விக்கும் ரப்பர்ச் சக்கரம் வெடித்திருந்தது. பழைய டயரில் புதிதாக ஒன்றை வெட்டிப் பொருத்தி, மாட்டுத் தொட்டியில் இறக்கி ஓட்டினார். பக்கத் துளையிலிருந்து நீர் பீறிட்டு எங்களிருவரையும் நனைத்தது. "இனிமே கொதிக்காதுண்ணே!" என்று கூவினார்.

மறுநாள் மூட்டைகள் அனைத்தும் கரை சேர்ந்தன. ஆயினும், மோட்டாரை ஜீப்பில் ஏற்றுகையில் அவர் கேட்டதுதான் இன்றும் என் செவியில் நிற்கிறது.

"ஏண்ணே, படகுன்னா எம்புட்டுப் பெருசு இருக்கும்?"