காப்பிக்கொட்டையோடு காய்ந்த என் லென்ஸ்

நேற்று காலை ஏற்காட்டுப் பக்கம் வெள்ளக்கடை கிராமத்தில் மாமனார் என்னிடம் கேட்ட கேள்வி இது:

"ஏனுங்க மாப்ள, இதையும் கிளறி உடணுங்களா?"

களம் முழுக்கக் காப்பிக்கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. ஓரத்தில் ஒரு சாக்கை விரித்து, அதன்மேல் என் பழைய ஜூம் லென்ஸை நான் காயப்போட்டிருந்தேன்.

சிரிக்காதீர்கள்! விஷயம் இருக்கிறது.

என் கேமரா ஒரு கம்பெனி. லென்ஸ் வேறொரு கம்பெனி. செகண்ட் ஹேண்டில் வாங்கியவரிடம் நான் வாங்கியது (தேர்ட் ஹேண்ட் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது).

அதற்குள் பங்கஸ், அதாவது பூஞ்சை வந்துவிட்டது. கண்ணாடிக்கு உள்ளே வெள்ளையாக ஒரு படலம். உச்சி வெயிலில் எடுத்தாலும் என் போட்டோவில் மட்டும் பனி மூட்டம்! ஏற்காட்டில் எடுத்ததால் இத்தனை நாள் யாரும் சந்தேகப்படவில்லை.

வெயிலில் வைத்தால் பூஞ்சை செத்துவிடும் என்று போட்டோ குரூப்பில் ஒருவர் சொன்னார். மாமனாரின் களத்தைவிட நல்ல வெயில் எங்கே கிடைக்கும்?

அவசரத்துக்குக் காரணம் என் மனைவி ஸ்டெல்லா.

நேற்று அவள் அப்பா அம்மாவுக்குக் கல்யாண நாள். மாதா கோயிலில் பூசை முடிந்ததும் வீட்டு வாசலில் குடும்பப் படம். அதில் ஒன்றைப் பெரிதாக்கி ஹாலில் மாட்டுவதாக முடிவு.

"உங்க படத்த எடுத்து மாட்டுனாங்கன்னா சரிங்க. இல்லீன்னா அந்த லென்ஸு இனி நம்மூட்டுக்குள்ள வரக்கூடாது. எப்பப் பாத்தாலும் அதத் தொடச்சுக்கிட்டே உக்காந்திருக்கறீங்க!"

சரி என்றேன். வேறு என்ன சொல்வது?

ஆனால் உள்ளுக்குள் நிஜமாகவே பயந்துவிட்டேன். என் மகள் முதன்முதலில் சைக்கிள் ஓட்டியதை எடுத்தது அந்த லென்ஸில்தான். அது பக்கத்தில் இல்லாவிட்டால் எனக்குக் கை ஒடிந்த மாதிரி இருக்கும்.

போட்டிக்கு யார்? ஸ்டெல்லாவின் தம்பி ஆல்பர்ட். கேமரா புதுசு, லென்ஸ் புதுசு, இரண்டும் ஒரே கம்பெனி. எறும்பை எடுத்தால் அதன் மீசை தெரியும்.

பூசை முடிந்து எல்லோரும் வாசலில் நின்றார்கள். அத்தை (என் மாமியார்), அவருடைய இரண்டு தங்கைகள், மாமனார், பிள்ளைகள் எல்லாம்.

நாங்கள் எடுக்க வேண்டியது எதிரே இருக்கும் மேட்டு ரோட்டிலிருந்து. நடுவில் காப்பி காய்கிறதே! கல்யாண நாளானாலும் காப்பியை யாரும் மிதிக்கக் கூடாது. மாமனார் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தவர், இந்த விஷயத்தில் மட்டும் சொந்தம் பந்தம் பார்க்க மாட்டார்.

மேட்டிலிருந்து கீழே பார்த்து எடுப்பதில் என் லென்ஸுக்கு இன்னொரு வியாதி. குனிந்தால் போதும், தானாக வழுக்கிக்கொண்டு நீண்டுவிடும். அதனால் ரப்பர் பேண்ட் சுற்றியிருந்தேன்.

"என்ன மாமா, லென்ஸுக்கு அரணாக்கயிறா?" என்றான் ஆல்பர்ட்.

"திருஷ்டி படாம இருக்கத்தான் மச்சான்" என்று சமாளித்தேன்.

அடுத்த நொடி ரப்பர் பேண்ட் அறுந்தது! லென்ஸ் சர்ரென்று நீண்டு, ஃபிரேம் முழுக்க மாமனாரின் மூக்கு.

ஒரு கையால் லென்ஸின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் எப்படியோ நாலைந்து படம் எடுத்தேன். கீழே சித்தப்பா முறையில் ஒருவர், "என்னுங்க, கோழியவா புடிக்கறீங்க?" என்று கத்தினார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு டிவியில் இரண்டு பேர் படத்தையும் போட்டார்கள்.

முதலில் ஆல்பர்ட்டின் படம். என்ன துல்லியம்! பின்னால் சவுக்கு மரத்தில் சுற்றிய மிளகுக்கொடியின் இலையைக்கூட எண்ணலாம். என் லென்ஸின் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போது அத்தை எழுந்து டிவி பக்கத்தில் போனார்.

"டேய் கண்ணு, இது யாருடா? நானா?"

"நீதாம்மா."

"கண்ணுக்குக் கீழ என்னடா இத்தன கோடு?"

பெரிய தங்கச்சிக்குக் காதோரம் டை அடிக்க விட்டுப்போன நரை தெரிந்தது. சின்ன தங்கச்சிக்கு முகப்பவுடர் கழுத்தோடு நின்றுபோன எல்லை தெரிந்தது!

"அடுத்ததப் போடு சாமி" என்றார் அத்தை.

என் படம் வந்தது.

வழக்கம்போல எல்லாம் பனி. ஆனால் அந்தப் பனியில் கோடு இல்லை, நரை இல்லை, பவுடர் எல்லை இல்லை. மூன்று அக்கா தங்கச்சிகளும் பளபளவென்று கல்யாணப் பெண்கள் மாதிரி நின்றார்கள்!

"அக்கா, நீ நொம்ப எளசா இருக்கற!"

"நீ மட்டுமென்ன!"

மாமனார் மட்டும் குழம்பிப்போனார். "நல்ல வெயிலாச்சுங்களே மாப்ள, இவ்ளோ பனி எங்கிருந்து வந்துச்சு?"

"நீங்க சித்த சும்மா இருங்க!" என்று மூன்று பேரும் ஒன்றாகச் சொன்னார்கள்.

ஹாலில் மாட்டப்போவது என் படம்! ஆல்பர்ட்டைப் பார்க்கப் பாவமாக இருந்தது (பொய், இல்லவே இல்லை).

சாயங்காலம் கிளம்பும்போது களத்து ஓரத்துச் சாக்கில் லென்ஸை மறுபடி வைத்தேன். கார் எடுக்கும்வரை கொஞ்சம் காயட்டுமே என்று.

வேகமாக ஓடி வந்து, சேலைத் தலைப்பால் மூடி அதை எடுத்துக்கொண்டாள் ஸ்டெல்லா. காலையில் வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது என்று சொன்ன அதே ஸ்டெல்லாதான்!

"ஏனுங்க, உங்களுக்கு அறிவிருக்குதா? அடுத்த மாசம் சின்னம்மா ஊட்ல விசேஷம். அதுல நானும் போட்டோவுல நிக்கணும். இத வெயில்ல வெச்சு, உள்ள இருக்கற பங்கஸு செத்துப்போச்சுன்னா என்னங்க பண்றது?"

நண்பர்களே, பூஞ்சையை வளர்ப்பது எப்படி என்று யாருக்காவது தெரியுமா?