இறக்கை தூக்கிய ஐம்பது கிலோ

மைசூரிலிருந்து நஞ்சன்கூடு போகும் சாலையில், வீடுகள் முடிந்து ஆலைகள் தொடங்கும் இடத்தில் ஓர் எடைமேடை இருக்கிறது. அதில் பழனிமுத்து முப்பத்தொரு வருடம் எடைச் சீட்டு கொடுத்தார். ஹனூர் பக்கத்துக் கௌதள்ளியை விட்டு வந்தபோது அவருக்கு வயது இருபத்தெட்டு. கணினி வந்து சீட்டைத் தானே அச்சடிக்கத் தொடங்கிய பிறகும், ஒவ்வொரு வண்டியின் காலி எடையையும் சுமை எடையையும் நேரம் போட்டு ஒரு நீள நோட்டில் கையால் எழுதி வைப்பதை அவர் விடவில்லை. லாரிக்காரர்கள் சண்டை போட்டிருக்கிறார்கள். மறுபடி எடை போடு என்று அடம்பிடித்திருக்கிறார்கள். மறுபடி போட்டாலும் அதே எண்தான் வரும். மனைவி இறந்து ஆறு வருடமாகிறது, பிள்ளையும் இல்லை. சொல்லிக்கொள்ள அவரிடம் இருந்த பெருமை இது ஒன்றுதான்.

மேடைமேல் ஆள் இருக்கக் கூடாது. எண் ஆடிக்கொண்டிருக்கும்போது சீட்டு அடிக்கக் கூடாது. இந்த இரண்டையும் அவர் 2024 மே 9, வியாழக்கிழமை வரை மீறியதில்லை.

அன்று காலை காலியாகப் போன லாரி ஒன்று மாலை மூன்றரைக்குச் சுமையோடு திரும்பி வந்தது. குழந்தைகள் பூங்கா ஒன்றுக்காக ஹேமந்த் என்பவரின் பட்டறையில் செய்த பைபர் பொம்மை. உடம்பும் நீண்ட கழுத்தும் அலகும் லாரிக்குள் படுத்திருந்தன. பதினாறடி இறக்கைகள் இரண்டும் கழற்றப்பட்டு, ஒன்றின்மேல் ஒன்றாக உச்சியில் கட்டப்பட்டிருந்தன. பொம்மையைத் தூக்கி நிறுத்த வேண்டிய கிரேன்காரர் எடைச் சீட்டு இல்லாமல் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டதால் வண்டி இங்கே வந்தது. பைபர் வேலை செய்த கருப்புசாமி கூடவே வந்து இறங்கினான். ஹனூர்க்காரன். பழனிமுத்துவுக்கு நான்கு வருடப் பழக்கம்.

"என்ன கருப்பு, வௌவாலா?"

"வௌவாலுக்குப் பெரியப்பனுங்ணா. டெரோசாராம். டைனோசர் காலத்துப் பிராணி, ஏழு கோடி வருசத்துக்கு முந்துனது. நிமுந்து நின்னா ஒட்டகச்சிவிங்கி ஒசரமாமா."

"இது பறந்துச்சாக்கும்?"

"படம் குடுத்த காலேஜ் மேடம் பறந்துச்சுங்கறாங்க. எங்க ஓனரு, இத்தாப் பெருசு எங்கடா பறக்கும், படம் வரையறவன் வுட்ட கதைங்கறாரு. செஞ்சவன் எனக்குத் தெரியாதுங்களா? நேத்து இந்த றெக்கைய நாலு பேரு வெளிய தூக்கியாந்தோம். ஒரு காத்து அடிச்சுது பாருங்க, ரெண்டு பேருக்குக் கையில கனமே இல்ல."

"உங்கூட தூக்குனவனுக எப்பவும் அப்படித்தான தூக்குவானுக."

கருப்புசாமி வாய்விட்டுச் சிரித்தான். வண்டி மேடை ஏறியது. மேற்கே வானம் கருத்திருந்தது. தூறல்கூட விழவில்லை; காற்று மட்டும் மண்ணை வாரிக்கொண்டு வந்தது. திரையில் 4,800 வந்தது. பிறகு 4,850. பிறகு 4,790. மேலே இருந்த இறக்கை கயிற்றை இழுத்துக்கொண்டு எழுந்து எழுந்து அமர்ந்தது. பின்னால் ஐந்து லாரிகள் ஒலிப்பானை அழுத்திக்கொண்டிருந்தன. நான்கு நிமிடம் காத்திருந்தும் எண் நிற்கவில்லை.

பழனிமுத்து சன்னல் வழியே தலையை நீட்டினார். "கருப்பு, மேல ஏறி அத சித்த நேரம் அழுத்தி உக்காரு சாமி."

"இது பறந்தா நானும் பறந்துருவேன், பாத்துக்குங்ணா" என்று சொல்லிக்கொண்டே அவன் ஏறி உட்கார்ந்தான்.

எண் 4,880இல் நின்றது. பழனிமுத்து சீட்டை அடித்தார். மணி 3:42. நோட்டில் பக்கத்திலேயே 'ஆள் 1' என்று எழுதினார். பிறகு கழித்துச் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். அதற்குள் பின்வண்டியின் சத்தம் தாங்காமல் ஓட்டுநர் லாரியை நகர்த்திவிட்டார். இறங்கு என்று யாரும் சொல்லவில்லை. அறுபதடி போய்ச் சாலைக்குத் திரும்பும்போது காற்று எதிராக அடித்தது. இறக்கையின் முன்விளிம்பு எழுந்தது, கயிறு அறுந்தது, இறக்கை அப்படியே செங்குத்தாக நின்று கருப்புசாமியை உதறியது. சாக்கடை மூடியிருந்த கல்லின் விளிம்பில் அவன் தலை பட்டது. மருத்துவமனையில் 5:20க்கு உயிர் போயிற்று.

மே 20ஆம் தேதி ஜோதிமணி எடைமேடைக்கு வந்தாள். கருப்புசாமியின் மனைவி. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"குடிச்சிட்டு, யாரும் சொல்லாமயே மேல ஏறி, தானா சறுக்கி வுழுந்தாருன்னு ஓனரு எழுதிக் குடுத்துருக்காருங்ணா. மஞ்சக்காமாலை வந்ததுல இருந்து அவரு மோரு தவிர எதுவும் தொட்டதில்லீங்க. காசு பணம் வந்தா வருது, வராட்டிப் போகுது. நாளைக்கு எம்மக படிச்சுப் பாக்கறப்ப அந்த வார்த்தை இருக்கக் கூடாது. நீங்க பாத்தீங்களாமுல்ல. அவரு ஏனுங்ணா மேல ஏறுனாரு?"

பழனிமுத்து மேசைமேல் விரித்திருந்த நோட்டை மூடினார். "காத்து ரொம்ப பலமா இருந்துச்சும்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அவள் போன பிறகு நோட்டைப் புரட்டினார். மே 10 காலை 7:15க்கு, போலீசார் விடுவித்த அதே லாரி, விழுந்த இறக்கையையும் ஏற்றிக் கட்டிக்கொண்டு மறுபடி எடைக்கு வந்திருந்தது. ஆளில்லாமல் ஒரு சீட்டு வேண்டும் என்று கிரேன்காரர் கேட்டிருந்தார். காற்றே இல்லாத காலை. 4,870. பிரேதப் பரிசோதனை அறிக்கையில் கருப்புசாமியின் எடை 61 கிலோ என்று இருந்ததை ஜோதிமணி காட்டியிருந்தாள். அப்படியானால் முதல் நாள் அவனோடு சேர்த்து 4,930 வந்திருக்க வேண்டும். வந்தது 4,880. ஐம்பது கிலோவைக் காணோம். அவன் அழுத்தி உட்கார்ந்திருந்தபோதே காற்று அந்த இறக்கையில் ஐம்பது கிலோவைத் தூக்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

அவன் சறுக்கவில்லை என்பதற்கு எழுத்தில் இருந்த ஒரே சாட்சி இந்த இரண்டு வரிகள். அதை வெளியே எடுத்தால், தான் அடித்த சீட்டு பொய் என்று தானே சொல்ல வேண்டும். அவனை ஏறச் சொன்னதையும் சொல்ல வேண்டும். பழனிமுத்து நோட்டை மூடிவைத்தார். மறுநாளும் வேலைக்கு வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். வண்டிகள் ஏறின, இறங்கின. ஒவ்வொரு எண்ணையும் இரண்டு முறை பார்த்து எழுதினார். எழுதிய கையோடு அது சரிதானா என்ற சந்தேகமும் வந்தது.

ஜூன் 6ஆம் தேதி தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை. அதிகாரி மஞ்சுநாத். பேச்சு பெரும்பாலும் கன்னடத்தில் நடந்தது. சாட்சியாக அழைக்கப்பட்ட பழனிமுத்து நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தார்; ஜோதிமணியை வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள்.

ஹேமந்த் சிரித்துக்கொண்டே சொன்னார்: "சார், பொம்மை எழுநூத்து முப்பது கிலோ. அசல் பிராணியே பறக்கலன்னு பெரிய பெரிய விஞ்ஞானிங்க எழுதியிருக்காங்க. அதுவே பறக்கலன்னா என் பைபர் பறக்குமா?"

பூங்காவுக்குப் படம் கொடுத்த விலங்கியல் ஆசிரியை ஸ்ரீதேவியும் வந்திருந்தார். மஞ்சுநாத் அவர் பக்கம் திரும்பினார். "என்ன மேடம், பறந்ததா இல்லையா?"

"பறக்கலன்னு சொன்னவங்க இருக்காங்க சார். பறவை மாதிரி ரெண்டு காலால எம்பணும்னு வச்சுக் கணக்குப் போட்டாங்க, கணக்கு உதைச்சுது. ஆனா இது மடிச்ச இறக்கையையே முன்னங்காலா ஊனி நடந்த பிராணி. நாலையும் ஊனி ஒரே எம்பா எம்பியிருக்கும்னு இப்ப நிறையப் பேர் சொல்றாங்க. எலும்புக்குள்ள வெறும் காத்து, சுவர் முட்டை ஓடு மாதிரி."

"எடை?"

"இருநூறு, இருநூத்தம்பது கிலோங்கறாங்க. அதுலயும் சண்டை. உயிரோட நிறுத்துப் பாத்தவங்க யாரும் இல்லையே சார்."

"பிராணிய விடுங்க. இந்த இறக்கை?"

ஸ்ரீதேவி தயங்கினார். "கருப்புசாமி படத்துல இருந்த வளைவ அப்படியே கொண்டுவந்திருந்தாரு. மெல்லிசா, சரியா செஞ்சிருந்தாரு. அப்படி ஒரு இறக்கைய எதிர்காத்து தூக்கும். எவ்வளவு தூக்கியிருக்கும்னு என்னால சொல்ல முடியாது."

"பாத்தீங்களா சார், சொல்ல முடியாதாம்" என்றார் ஹேமந்த்.

"நான் சொல்றனுங்க" என்று பழனிமுத்து எழுந்தார். "அம்பது கிலோ."

நோட்டை மேசைமேல் விரித்து இரண்டு வரிகளையும் காட்டினார். மஞ்சுநாத் தாளில் கழித்துப் பார்த்தார், கூட்டிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "அப்படின்னா உம்ம சீட்டு?"

"தப்புங்க."

"மேல ஏத்தினது யாரு?"

"நாந்தானுங்க. எண்ணு நிக்க மாட்டேன்னுச்சு. அவன உக்கார வச்சா நிக்கும்னு ஏத்துனேன். அவன் குடிச்சிருக்கலீங்க. எறங்கச் சொல்ல மறந்தேன்."

ஹேமந்த் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். "ஏன்ரீ, நாலு வாரமா எங்கிருந்தீரு? இப்ப வந்து நியாயம் பேசறீரே!"

பழனிமுத்து நோட்டை மஞ்சுநாத் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அடுத்த வாரம் எடைமேடையை மூடிச் சோதித்தார்கள். சோதனைக் கற்களை ஏற்றி இறக்கிப் பார்த்து, மேடையில் எந்தப் பிழையும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். மேடை உரிமையாளர் பழனிமுத்துவை இனி வர வேண்டாம் என்றார். முப்பத்தொரு வருட நோட்டுகளை எடுத்துப் போகிறீரா என்று கேட்டார். பழனிமுத்து வேண்டாம் என்றார்.

ஜூன் 20, வியாழக்கிழமை விசாரணை அறிக்கையின் நகல் கிடைத்தது. ஜோதிமணிக்குக் கன்னடம் படிக்கத் தெரியாது. அலுவலக வாசலில் நின்றிருந்த பழனிமுத்துவிடம் தாளை நீட்டினாள். "படிச்சுச் சொல்லுங்ணா."

அவர் வரிவரியாகத் தமிழில் சொன்னார். இறந்தவர் மது அருந்தியதற்கு ஆதாரம் இல்லை. தானாகச் சறுக்கி விழவில்லை. காற்று தூக்கிய இறக்கை அவரைத் தள்ளியது. ஜோதிமணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னுமிருக்குதுங்களா?" என்றாள்.

இன்னும் ஒரு வரி இருந்தது. தாண்டியிருக்கலாம், அவளுக்குத் தெரியப் போவதில்லை. பழனிமுத்து அதையும் படித்தார். "எடைமேடைப் பணியாளர் சொன்னதால் இறந்தவர் மேலே ஏறினார். வண்டி நகருமுன் அவர் இறக்கப்படவில்லை."

"பணியாளருன்னா ஆருங்ணா?"

"நாந்தாம்மா."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அன்னிக்கு உங்ககிட்டத்தான வந்து கேட்டேன்."

"கேட்ட."

"காத்துன்னீங்க."

பழனிமுத்து தலையை ஆட்டினார்.

"எறங்குன்னு ஒத்தச் சொல்லு. அதச் சொல்ல உங்களுக்கு எத்தன நேரமாயிருக்கும்?"

அவர் கையிலிருந்த தாளை அவளே வாங்கி, மடிப்புக் கலையாமல் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். பேருந்து நிலையம் வரை பழனிமுத்து பத்தடி பின்னால் நடந்து போனார். அவள் திரும்பவில்லை. ஹனூர் பேருந்து 2:10க்குக் கிளம்பியது. சன்னலோரம் இடம் கிடைத்தும் அவள் இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.