இரும்புத் தொட்டிக்குள் கேட்ட வருகைப்பதிவு

கர்த்தருக்குள் அன்பானவர்களே, என் பெயர் ஆ. செல்வராஜ். இனிஷியலோடு சொல்வதற்குக் காரணம் உண்டு. முழுக்கக் கேட்டால் உங்களுக்கே விளங்கும்.

கல்வராயன் மலையடிவாரம் என் ஊர். பத்தாவது முடித்து, சங்கராபுரத்தில் வெல்டிங் கற்றுக்கொண்டு, வளைகுடா நாட்டில் ஒரு கப்பல் பட்டறைக்குப் போனேன். வேலையில் என்னைக் குறை சொல்ல முடியாது. பேச்சில்தான் கோளாறு. எங்கள் பள்ளியில் வாத்தியார் "அண்டர்ஸ்டாண்ட்?" என்று கேட்டால் வகுப்பே "எஸ் சார்" என்று கத்தும். புரிந்ததா என்பது வேறு விஷயம். எனக்கு நன்றாகப் பதிந்த ஒரே ஆங்கிலப் பாடம் அதுதான்.

பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முன்னால் வந்துவிட்டது. அதனால் அங்கே எல்லோருக்கும் நான் "ஆரோக்கியம்". அப்பாவை அடக்கம் செய்துவிட்டுத்தான் விமானம் ஏறியிருந்தேன். அந்நியர்கள் அவர் பெயரைக் கூப்பிடும்போதெல்லாம் பின்னால் திரும்பிப் பார்க்கத் தோன்றும்.

போன சில நாட்களிலேயே ஒரு பெரிய இரும்புத் தொட்டிக்குள் துரு தட்ட இறக்கினார்கள். சூப்பர்வைசர் ஆங்கிலத்தில் என்னமோ விளக்கினார். "அண்டர்ஸ்டாண்ட்?" என்றார். "எஸ் சார்" என்றேன். விசில் ஊதினால் வெளியே வந்துவிடு, மூடியைப் பூட்டித் தண்ணீர் ஏற்றப் போகிறோம் என்று அவர் சொன்னது எனக்குப் பிறகுதான் தெரியும்.

விசில் கேட்டது. யாருக்கோ என்று இருந்துவிட்டேன். அப்புறம் மேலேயிருந்து "ஆரோக்கியம்... ஆரோக்கியம்..." என்று குரல் வந்தது. இரும்புச் சுவரில் பட்டுப் பட்டு அது எல்லாப் பக்கமும் சுற்றியது. செத்துப்போன அப்பாவை யாரோ தேடுகிற மாதிரி இருந்தது. மூலையில் ஒட்டிக்கொண்டேன். என்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று உறைப்பதற்குள் மூடி விழுந்தது. விளக்கும் அணைந்தது.

கத்தினேன். சுத்தியலால் அடித்தேன். வெளியே பட்டறை முழுக்கச் சுத்தியல் சத்தம், என் சத்தம் யாருக்குக் கேட்கும்? பாதத்தில் ஜில்லென்று ஏதோ பட்டது. தண்ணீர். அது முழங்காலுக்கு வந்தபோது கத்திக் கத்தித் தொண்டை அடைத்துவிட்டது.

"ஆண்டவரே, நான் இங்க கீறேன்னு உமக்குத் தெரியுதா?" இவ்வளவுதான் என் ஜெபம்.

அப்போது எல்லாச் சத்தமும் நின்றது. தண்ணீர் ஏறும் சத்தம்கூட இல்லை. என் பக்கத்திலேயே, லேசான இருமலோடு ஒரு குரல் கேட்டது.

"ஆ. செல்வராஜ்."

பள்ளியில் வாத்தியார் இருமிக்கொண்டே வருகைப்பதிவு எடுக்கிற அதே தோரணை. அந்தத் தேசத்தில் அந்தப் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட ஆளே இல்லை. நான் யோசிக்கவில்லை. அடைத்திருந்த தொண்டை தானாகத் திறந்து "உள்ளேன் ஐயா" என்றது.

அந்தப் பட்டறையில் தமிழ் தெரிந்த இன்னொருவர் தியாகதுருகத்து முருகன் மட்டும்தான். தேநீர் இடைவேளையில் தொட்டி நிழலில் உட்கார்ந்திருந்தவர் காதில் அது விழுந்தது. ஓடிப்போய்த் தண்ணீரை நிறுத்தி, மூடியைத் திறக்க வைத்தார். என்னை வெளியே இழுத்துப் போட்ட பிறகும் அவர் உள்ளேயே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கூட இருந்தவரு எங்கண்ணே?"

"நான் மட்டும்தாம்பா."

"இல்லண்ணே. ஒருத்தரு பேரு கூப்ட்டாரு, அப்புறம்தான் நீங்க பதில் சொன்னீங்க. ரெண்டு கொரலு. யாருண்ணே அந்த செல்வராஜு?"

விளக்கு இறக்கித் தேடினார்கள். தண்ணீர்தான் இருந்தது. முருகன் அதன் பிறகு அந்தத் தொட்டிப் பக்கம் போகவே இல்லை.

மறுநாள் சூப்பர்வைசர் "அண்டர்ஸ்டாண்ட்?" என்றபோது, "நோ சார். அகைன் சார்" என்றேன். அவர் கோபிக்கவில்லை, திரும்பச் சொன்னார். இப்போது கள்ளக்குறிச்சிப் பக்கமிருந்து வெளிநாடு போகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்டால் முதலில் அதைத்தான் சொல்லச் சொல்கிறேன். வெல்டிங் எல்லாம் அப்புறம்.

பிரியமானவர்களே, பாஸ்போர்ட்டில் பெயர் எப்படி மாறினாலும் ஆண்டவருக்கு உங்களை இனிஷியலோடு தெரியும். எந்த இருட்டில் இருந்தாலும் அவரை நம்பிக் கேளுங்கள். ஊரில் மோட்டார் நின்று தண்ணீர்ச் சத்தம் அடங்கும்போது சில நாள் எனக்கு இன்னும் அந்த இருமல் கேட்கிறது. நான் பயப்படுவதில்லை. எழுந்து நின்று, "உள்ளேன் ஐயா" என்கிறேன்.